கண்ணாடியில் விரல் வைக்காதே

என் கூட்டாளியை நான் ஆறு நாட்கள் அடித்தேன். முதல் நாள் அவன் கேட்டதால் அடித்தேன். மற்ற ஐந்து நாட்களும் அவன் கேட்கவில்லை.

இப்படித் தொடங்குவது என் கணவருக்குப் பிடிக்கவில்லை. "எடுத்த எடுப்பிலயே அடிதடியோ? வாசிக்கிற சனம் என்ன நினைக்கும்?" என்றார். சனம் நினைப்பதை நினைக்கட்டும். எனக்குக் கோபம் வந்தால் கை நீளும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் தம்பியின் முன்பல் ஒன்று கட்டிய பல். கரம்போர்ட் விளையாட்டில் களவு செய்தான் என்று அந்தப் பலகையாலேயே சாத்தி, சொந்தப் பல்லைக் கழற்றியவள் நான். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது, ஜெர்மனியில், ஹனோவரில் அகதி முகாமை விட்டு முதல் வீட்டுக்கு வந்திருந்தோம். அம்மா என்னை அடித்த அடியில் பலகையும் உடைந்தது.

பள்ளிக்கூடம் முடித்து மின்னணு வேலைக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி செய்தேன். பிறகு ஓர் அணுமின் நிலையத்தில் சேர்ந்து, படிப்படியாகப் பரீட்சை எழுதி, உலை இயக்குநர் உரிமம் வாங்கினேன். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து உலையை ஓட்டும் வேலை. தமிழ்க் கலைவிழாக்களில் ஆட்கள் என்னை 'அணுகுண்டு அக்கா' என்று பகிடி பண்ணுவார்கள். "அக்கா, இந்தமுறை வடை பொரிக்க நீங்கள் வராதேங்கோ, ஹனோவர் தாங்காது" என்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கூட்டாளி என்று நான் சொல்வது ஒரு ஜெர்மன்காரனை. என்னைவிட ஐந்து வயது மூத்தவன். பதினான்கு வருடங்கள் ஒரே ஷிப்டில் இருந்தோம். நான் உலைப் பக்கம், அவன் டர்பைன் பக்கம். நாங்கள் பேசியதெல்லாம் ஜெர்மன்தான். ஆனால் மனதுக்குள் அவன் என் வாய்த் தமிழிலேயே பேசுகிறான், அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நாட்டில் அணு உலைகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். எங்களுடையதும் மூடியது. எல்லைக்கு அப்பால், அயல்நாட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிலையம் எங்கள் இருவரையும் எடுத்துக்கொண்டது. அங்கே கட்டுப்பாட்டு மேசையில் உட்கார அந்த நிலையத்துக்கான உரிமம் புதிதாக வேண்டும். பரீட்சையோ இங்கே, ஜெர்மனியில் உள்ள ஒரு பயிற்சி மையத்தில். நான் முதல் தடவையிலேயே பாஸ். அவன் தோற்றான். இரண்டாம் தடவைதான் கடைசி. அதிலும் தோற்றால் பழைய நிலையத்துக்கே திரும்பி, அதை வெட்டிப் பிரிக்கும் கும்பலில் சேர வேண்டியதுதான்.

அந்த வேலையை அவன் ஏற்கெனவே ஏழு மாதம் செய்திருந்தான். "எட்டு வருஷம் சத்தம் கேட்டுக் கேட்டுப் பாத்த பம்பு. அதை நானே வாள் வைச்சு வெட்டினனான்," என்று ஒருநாள் சொன்னான். "இன்னொருக்கால் என்னால ஏலாது. ஏலவே ஏலாது." ஆறடி ஆள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். இவனை எப்படியாவது பாஸ் பண்ண வைக்காமல் விடமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

பரீட்சைக்குத் தனியாகப் போக முடியாது, மேசையில் இருவர் இருந்தாக வேண்டும். அவனுக்குத் துணையாக நான் வருகிறேன் என்று நிலையத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பயிற்சி இரண்டு வாரம். அதற்கு அடுத்த திங்கட்கிழமை பரீட்சை.

பயிற்சி மையத்தில் இரண்டு கூடங்கள். கீழ்க்கூடத்தில் இருந்தது உண்மைக் கட்டுப்பாட்டு அறையின் அச்சு அசலான நகல். நீண்ட மேசை, சுவர் நிறைய மானிகள், விளக்குகள், அழுத்தினால் 'டக்' என்று உள்ளே போகும் சதுரப் பொத்தான்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்க வேண்டும். மேல்கூடத்தில் அதே மேசையும் அதே சுவரும் படமாக, ஆளுயரத் தொடுதிரைகளில் இருந்தன. பக்கத்துப் பக்கத்தில் மூன்று கண்ணாடிகள். நகர்த்தினால் வேண்டிய பகுதி வரும். நடக்கத் தேவையில்லை, இருவரும் தோளோடு தோள் உரச நின்றால் போதும்.

எது நன்றாகப் பழக்குகிறது, கீழ் மேசையா, மேல் கண்ணாடியா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. செய்தவர் ஆஹென் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்த மதுரைக்காரர். முப்பது வயதிருக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "அக்கா, இங்க வந்து தமிழ்ல ஒருத்தர்கிட்ட ரியாக்டர் பத்திப் பேசுவேன்னு கனவுலகூட நினைக்கல," என்றார். சீட்டுக் குலுக்கினார். எங்கள் சோடிக்குக் கண்ணாடி விழுந்தது. பயிற்சி முழுக்க மேலே, பரீட்சை மட்டும் கீழே. பதினான்கு வருடம் மேசையில் இருந்தவனுக்கு மேசை மறக்குமா என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

கூடங்களில் வீடியோ எடுக்கக்கூடாது என்று மையத்தின் தொழிலாளர் குழு தடுத்திருந்தது. வேலை செய்கிறவரைப் படம் பிடிக்க விடமாட்டார்கள், இந்த நாட்டில் அது பெரிய விஷயம். ஆகவே ஆய்வுக்குக் கிடைத்தது கணினிப் பதிவு மட்டும்தான். எந்த நொடியில் கண்ணாடியில் எந்த இடம் தொடப்பட்டது என்ற பதிவு. பயிற்சியாளர் பின்னால் தனி அறையில் இருந்தார். அவருக்குத் தெரிந்தது எங்கள் இரண்டு முதுகுகள். எங்கள் கைகளை ஒருவரும் பார்க்கவில்லை.

இனி அவன் திரும்பத் திரும்பச் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியமான ஒன்றை மூடுவதற்கு முன் இடது கையால் அனுமதிப் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கை விரலை மூட வேண்டிய பொத்தானின் மேல் வைக்க வேண்டும். அழுத்தக்கூடாது, வைக்க மட்டும் வேண்டும். வைத்துக்கொண்டே அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் நடந்து வந்து ஓரடி பின்னால் நின்று, விரல் எதன் மேல் இருக்கிறது என்று கண்ணால் பார்த்து, பெயரைத் திருப்பிச் சொல்லி "சரி" என்பார். அதற்குப் பிறகுதான் அழுத்தலாம். விரலைப் பார்க்காமல் "சரி" சொன்னால் சொன்னவருக்குப் பிழை. "சரி" வராமல் அழுத்தினால் அழுத்தினவருக்குப் பிழை. பதினான்கு வருடம் அவன் விரலை வைத்தான், நான் பார்த்தேன். நான் வைத்தேன், அவன் பார்த்தான்.

கண்ணாடியில் விரலை வைப்பதும் அழுத்துவதும் ஒன்றுதான். பட்டால் போச்சு. அங்கே விரலைக் காற்றில் நிறுத்திப் பெயரைச் சொல்ல வேண்டும்.

எனக்கு அரை நாளில் பழகிவிட்டது. அவனுக்குப் பழகவில்லை. முதல் நாள் ஏழு தடவை விரலை வைத்தான். வைத்து, நல்ல பிள்ளையாகப் பெயரைச் சொல்லத் தொடங்குவான். அதற்குள் வால்வு மூடிவிடும், மணிகள் அலறும், கண்ணாடி முழுக்கச் சிவப்பு பரவும். ஒருதடவை உலையே அணைந்தது. "கோதாரி!" என்று நான் கத்தினேன். எங்கள் ஊர் வசவான அந்தச் சொல்லை அவன் என்னிடமிருந்து எப்போதோ பழகியிருந்தான். அவனும் "கோதாரி" என்றான். அன்றைக்குச் சிரித்தோம்.

இரண்டாம் நாள் காலையிலும் நான்கு தடவை. சாப்பாட்டு நேரத்தில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, தன் வலது கையை என் முன்னால் நீட்டினான். "இந்தக் கை சொல்வழி கேக்குதில்லை. இனிமேல் நான் வைச்சால் நீ அடி," என்றான்.

"உண்மையாவோ?"

"உண்மையாத்தான். வேற வழி எனக்குத் தெரியேல்லை."

அவன் நினைத்தது ஒரு தட்டு. சின்னப் பிள்ளை அடுப்பைத் தொடப் போனால் தட்டுவோமே, அந்தத் தட்டு. அன்று பின்னேரம் நான் போட்டதும் தட்டுத்தான். வைக்கப் போனான், புறங்கையில் பட் என்று விழுந்தது. இழுத்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பின்னேரம் அவன் பிழை இரண்டாகக் குறைந்தது.

குறைந்ததுதான் வினையாகப் போனது. அடித்தால் வேலை நடக்கிறது என்று என் கை கண்டுகொண்டது. மூன்றாம் நாள் தட்டு அடியானது. நான்காம் நாள் செய்முறைத் தாள்களைச் சுருட்டி அடித்தேன். ஐந்தாம் நாள், தாளில் வரி தவறாமல் வாசிக்க வைத்திருந்த இரும்பு அடிமட்டக் கோல் என் கையில் இருந்தது. எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை, இருந்தது, அதனால் அடித்தேன். விரல் மூட்டு மொளிகளில் விழுந்தது. அவன் "ஸ்ஸ்" என்று காற்றை இழுத்தான். பின்னால் இருந்து ஒலிபெருக்கியில் பயிற்சியாளர், "நல்லது, தொடருங்கள்," என்றார். பிழை ஒன்றுமில்லாமல் போய்க்கொண்டிருந்ததல்லவா, அவருக்கு நல்லதுதான்.

உண்மையை எழுத உட்கார்ந்தபின் இதையும் எழுத வேண்டும். அடிக்கும்போது எனக்கு நன்றாக இருந்தது. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் இறங்கியது. அவனுக்காகத்தானே அடிக்கிறேன் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். பதினான்கு வருடங்கள் நான் அவனை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. நான் பொறுமைசாலி என்று நிலையத்தில் பெயர். அப்போது மேசை நீளம். அவன் அந்தக் கோடியில் பிழைவிட்டால் நான் நடந்து போய்ச் சேர்வதற்குள் கோபம் பாதி இறங்கிவிடும். மேலே அவன் கை என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நடக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை மதுரைக்காரர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "அக்கா, ஒரு டவுட்டு. உங்க லாக்ல மட்டும் விசித்திரமா ஒண்ணு வருது. ஒரே நொடியில அஞ்சாறு பாயிண்ட் சேர்ந்து டச் ஆகுது, திரை ஓரத்துல. வேற எந்த சோடிக்கும் இல்ல. என்னவா இருக்கும்?"

அது என் அடி. அவன் கையைத் தாண்டிக் கண்ணாடியிலும் விழுந்த என் கை.

"துடைச்சிருப்பம் தம்பி. கண்ணாடி எண்ணெய் பிடிச்சுக் கிடக்கு," என்றேன்.

"அப்ப நாய்ஸ்னு எடுத்துடறேன்," என்று அங்கேயே அழித்துவிட்டார். "ஆனா அக்கா, உங்க சோடிதான் பெஸ்ட். மத்தவங்களுக்கெல்லாம் இந்த விரல் வைக்கிற பிழை குறையவே மாட்டேங்குது. உங்களுக்கு மட்டும் சர்ருனு இறங்குது. என்ன ரகசியம்?"

"பழக்கம்தான்," என்றேன். நாக்குக் கூசவில்லை.

இரண்டாவது வாரத் திங்கட்கிழமை அவன் மொளித் தோல் வெடித்தது. காலையில் முதல் பயிற்சியிலேயே விரலை வைக்கப் போனான், அடிமட்டத்தின் ஓரம் பட்டுவிட்டது. இரத்தம் ஒரு சொட்டுக் கண்ணாடியில் விழுந்து வழிந்தது. அந்தச் சொட்டையும் விரல் என்று நினைத்துக் கண்ணாடி ஒரு பம்பை நிறுத்தியது. மணி அலறியது. ஐயோ, இவ்வளவு பாடுபட்டும் பிழை பதிவாகிவிட்டதே என்ற ஆத்திரத்தில் நான் இன்னும் ஒன்று போட்டேன். அவன் முழங்கை என் வாயில் வந்து விழுந்தது.

வேண்டுமென்றே அடித்தானா, கையை இழுத்தபோது பட்டதா, எனக்குத் தெரியாது. கீழ் உதடு பல்லில் கிழிந்தது. வாய் முழுக்க உப்பு. இருவரும் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்று, பம்பைத் திரும்ப ஓட்டி, வாசிக்க வேண்டியதை வாசித்து, அந்தப் பயிற்சியை முடித்தோம். இடைவேளையில் பயிற்சியாளர் பார்த்துவிட்டு என்ன நடந்தது என்று கேட்டார். அவன் தாள் வெட்டிவிட்டது என்றான். நான் படியில் தடுக்கினேன் என்றேன்.

கழிப்பறை வாசலில் என்னை நிறுத்தினான். "போதும். இனி அடியாதை," என்றான்.

"பாஸ் பண்ண வேணுமோ, வேண்டாமோ?"

அவன் கைக்குட்டையால் காயத்தைச் சுற்றினான்.

"திரும்பிப் போய் உன்ர பம்பை வெட்டப் போறியோ?" என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கூடத்துக்குள் போனான். நான் பின்னால் போனேன். அன்று பின்னேரமும் மறுநாளும் அடித்தேன். போதும் என்று ஒருவன் வாயால் சொன்ன பிறகு அடித்தேன். அதற்கு நான் எந்தச் சாட்டும் சொல்லப் போவதில்லை.

திங்கள் இரவு போனில் முகம் பார்த்துப் பேசியபோது கணவர் உதட்டைக் கண்டார். "என்ன வாயில?" அலுமாரிக் கதவு என்றேன். "உந்த அலுமாரி உன்னைவிடக் கோபக்காரன் போல," என்று சிரித்தார். நானும் சிரித்தேன், உதடு திரும்ப வெடித்தது.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாட்களும் அவன் ஒரு பிழையும் விடவில்லை. விரல் காற்றில் நின்றது. நான் பக்கத்தில் மூச்சு விட்டாலே கை ஓர் அங்குலம் பின்னால் போனது. எனக்கு அது வெற்றியாகத்தான் தெரிந்தது. பயிற்சியாளர் கைகுலுக்கினார். மதுரைக்காரர் எங்களுக்கென்று ஒரு பெட்டி சாக்லேட் வாங்கி வந்தார்.

திங்கட்கிழமை கீழ்க்கூடம். தேர்வாளர்கள் இருவர் பின்னால் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். உலையின் சூட்டால் நீராவி உண்டாக்கும் பெரிய கலன்கள் நான்கு உண்டு. அதில் ஒன்றுக்குள் குழாய் வெடித்துக் கசிகிறது. எது என்று கண்டுபிடித்து அந்த ஒன்றை மட்டும் மூட வேண்டும். மாற்றி மூடினால் அந்த நொடியே பரீட்சை முடிந்தது. இதுதான் கேள்வி. முதல் அரைமணி நேரம் அவன் பொன்னாக வேலை செய்தான். மானிகளைப் பார்த்தான், கணக்கைப் பார்த்தான், மூன்றாம் கலன் என்று சொன்னான். மூன்றாம் கலன்தான். என் நெஞ்சு நிறைந்தது. முடிந்துவிட்டது, பாஸ் பண்ணிவிட்டான் என்றே நினைத்தேன்.

மூடும் நேரம் வந்தது. இடது கையால் அனுமதிப் பொத்தானை அழுத்தினான். நான் நடந்து போய் ஓரடி பின்னால் நின்றேன். வலது கை போய் மூன்றாம் கலனின் பொத்தானுக்கு மேலே, ஒரு விரல் உயரத்தில் நின்றது.

அங்கேயே நின்றது.

"நீராவிக் கலன் மூன்று, மூடுகிறேன்," என்றான்.

நான் "சரி" சொல்ல முடியாது. விரல் பொத்தானில் இல்லை. விரலை வை என்று சொல்லவும் முடியாது, பரீட்சையில் உதவி செய்யக்கூடாது. அவன் திரும்பவும் சொன்னான், "நீராவிக் கலன் மூன்று." கழுத்தில் வியர்வை. வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், பதினான்கு வருடம் வைத்தவன். கையை இறக்கினான். பொத்தானில் படும் முன்னே அது தானாகவே மேலே வந்தது. திரும்ப இறக்கினான், திரும்ப வந்தது. மொளியில் காய்ந்த காயத்தை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மணிகள் அடித்துக்கொண்டேயிருந்தன, கசிவு கூடிக்கொண்டேயிருந்தது.

மூன்றாம் தடவை விரலை வைத்தேவிட்டான். எனக்கு உயிர் வந்தது. பார்த்துச் சொல்ல வேண்டுமே என்று தாளைப் பிடித்திருந்த கையைக் கொஞ்சம் உயர்த்தி, முன்னால் குனிந்தேன். அவ்வளவுதான் செய்தேன். அவன் கடைக்கண்ணில் என் கை பட்டிருக்க வேண்டும். தலையைத் தோளுக்குள் இழுத்து, முகத்தை மறுபக்கம் திருப்பி, கையை வெடுக்கென்று இழுத்தான். இழுத்த கை பக்கத்துப் பொத்தானில் இடித்தது. இடது கை இன்னும் அனுமதியை அழுத்திக்கொண்டிருந்தது. இரண்டாம் கலன் மூடிக்கொண்டது.

தேர்வாளர் ஒருவர் பயிற்சியை நிறுத்தினார். மணிகள் ஒரேயடியாக ஓய்ந்தன.

விசாரணை அறையில் தேர்வாளர் அவனிடம் கேட்டார், "கையை ஏன் இழுத்தீர்கள்?"

"வழுக்கிவிட்டது," என்றான்.

"நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். ஏதாவது கண்டீர்களா?" என்று என்னிடம் கேட்டார்.

சொல்ல வாய் எடுத்தேன். மேசைக்கு அடியில் அவன் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்து எலும்பு நோக நெரித்தது. "இல்லை," என்றேன். அவன் நெரித்ததால்தான் சொல்லவில்லை என்று இரண்டு நாட்கள் என்னையே ஏமாற்றினேன். நெரிக்காவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் தொழிலில் ஆளின் நம்பகத்தை அடிக்கடி சோதிப்பார்கள். கூட வேலை செய்கிறவனை அடிக்கிறவளைக் கட்டுப்பாட்டு அறைக்குள் விடமாட்டார்கள். மேசை முன்னால் நான் உட்காரும் கதிரை எனக்கு வேண்டியிருந்தது.

புதன்கிழமை மதுரைக்காரர் எனக்குப் போன் எடுத்தார். குரல் வாடியிருந்தது. "அக்கா, ரொம்ப வருத்தமா இருக்கு. உங்க சோடி ரிசல்ட்ட வச்சுத்தான் கடைசி அத்தியாயம் எழுதப் போறேன். கண்ணாடியில பழகினா மேசையில கை மறந்துபோகுது, உயிராபத்துன்னு. கண்ணாடிதான் அவரைக் கெடுத்துச்சுன்னு எழுதிரலாமா?"

"ஓம் தம்பி, எழுதும்" என்று சொல்லியிருக்கலாம். எவ்வளவு வசதி! கண்ணாடியின் மேல் போட்டுவிட்டு நான் போய் என் கதிரையில் குந்தியிருக்கலாம். ஆனால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது, அவர் மேல் அல்ல.

"கண்ணாடி ஒண்டும் செய்யேல்லைத் தம்பி," என்றேன். "நான்தான். நான் அவனை அடிச்சனான்."

"அடிச்சீங்களா? என்னக்கா சொல்றீங்க?"

"நீர் நாய்ஸ் எண்டு அழிச்சீரே, அது முழுக்க என்ர அடி. விரல் வைக்க வைக்க அடிச்சனான். கையால, தாளால, இரும்பால. அவன் போதும் எண்டு சொன்னாப் பிறகும் அடிச்சனான். பரீட்சையில நான் கையைத் தூக்க அவன் பயந்திட்டான்."

அவர் மடிக்கணினியை மூடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார், "இது தேர்வாளருக்குத் தெரிஞ்சா அவருக்கு இன்னொரு சான்ஸ் கிடைக்குமாக்கா?"

"கிடைக்கலாம்."

"அப்ப நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

மரியாதையான மனிதர். குரலை உயர்த்தவேயில்லை. எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. "நானே சொல்லுறன்," என்றேன்.

கணவரிடம் முதலில் சொன்னேன். அவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "அலுமாரிக் கதவு," என்றார். பிறகு, "போய்ச் சொல்லு. சொல்லாட்டி இனி இந்த வீட்டில நீ என்னோட கதையாதை," என்றார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

போய்ச் சொன்னேன். எழுதித் தரச் சொன்னார்கள், எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவனுடைய பரீட்சை செல்லாது என்று அறிவித்தார்கள், ஆகவே அது அவன் தோல்வி இல்லை. வேறு துணையுடன் திரும்ப எழுதலாம் என்றார்கள். என் நுழைவு அட்டையை அன்றைக்கே வாங்கிவிட்டார்கள். உரிமம் பிறகு போனது.

அவனையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வெளியே கார் நிறுத்துமிடத்தில் எனக்காகக் காத்து நின்றான். நன்றி சொல்லுவான் என்று நினைத்தேன், சத்தியமாக. கிட்டப் போனதும் என் மேற்சட்டைக் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி என் காரோடு சேர்த்து மோதினான். பின்தலை கண்ணாடியில் இடித்தது.

"வழுக்கினது எண்டு நான் சொன்னனான்! வழுக்கினது!" என்று கத்தினான். "கை வழுக்கிப் பெயில் விட்டவன் எண்டால் நான் மனிசன். இப்ப நான் ரெண்டு கிழமையா ஒருத்தியிட்ட அடி வாங்கிக்கொண்டு பேசாமல் நிண்டவன். இனி எந்த மேசையில போய் நான் நிமிர்ந்து நிக்கிறது?"

 திருப்பி அடிக்க என் கை எழும்பவில்லை. அவன் கை தளர்ந்தது. என் சட்டையை விட்டுவிட்டு, தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போய்விட்டான். நான் அரைமணி நேரம் அங்கேயே தரையில் இருந்தேன்.

இப்போது நான் ஹனோவரில் மின்தூக்கி பழுது பார்க்கிறேன். கோபத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்புக்கு வியாழன்தோறும் போகிறேன், கணவர் போட்ட நிபந்தனை. வகுப்பில் எட்டுப் பேரும் ஆண்கள். முதல் நாள் என்னைப் பார்த்து, மொழிபெயர்க்க வந்தீர்களா என்று ஒருவன் கேட்டான்.

போன மாதம் ஓர் ஆறுமாடி வீட்டில் மூன்றாம் மாடியில் வேலையாக நின்றபோது போன் அடித்தது. அவன் எண். எடுத்தேன்.

"பாஸ் பண்ணிட்டன்," என்றான்.

"எப்ப?"

"இப்ப. வெளிய வந்து முதல் உனக்குத்தான் எடுக்கிறன்."  கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "என்ர புது ஆளைத் தூரத்தில நிண்டு பாக்கச் சொன்னனான். மூண்டு அடி தள்ளி. தேர்வாளர் ஓம் எண்டவர்."

"நல்லது," என்றேன். "நல்லது. எனக்கு..."

"ஒண்டும் சொல்லாதை. சொல்ல வேணும் எண்டு எடுத்தனான், சொல்லிட்டன். இனி நீ எனக்குப் போன் எடுக்காதை. ஒருநாளும்."

வைத்துவிட்டான். வேலைப் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் படியில் குந்தி அழுதேன். மேலிருந்து இறங்கி வந்த ஒரு கிழவி, மின்தூக்கியைத் திருத்த முடியவில்லையா என்று கேட்டாள். திருத்தியாயிற்று, என் கூட்டாளி பரீட்சை பாஸ் பண்ணிவிட்டான், அந்தச் சந்தோஷம் என்றேன். அப்படியா, அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் கீழே போனாள்.